தட்டணுக் குறைவும் எஃப்சி ஏற்பி மரபணுவும்: மகளின் டிஎன்ஏ அறிக்கையை எப்படிப் படிப்பது?

#1 ஈசூன்மல்லிகை | ஞாயிறு, இரவு 10.12

அனைவருக்கும் வணக்கம். சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு வயது 24. ஆறு வாரங்களுக்கு முன்பு, பல் துலக்கும்போது ஈறிலிருந்து ரத்தம் வருகிறது என்றாள். பிரஷ் முரடாக இருக்கும் என்று நினைத்து வேறொன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், முழங்காலுக்குக் கீழே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் வாரி இறைத்ததுபோல் இருந்தன. கண்ணாடித் தம்ளரை வைத்து அழுத்தியும் அவை மறையவில்லை. அந்த வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் டெங்கிக்கான சிவப்புப் பதாகை தொங்கிக்கொண்டிருந்ததால், எனக்கு வேறு எந்த நோயும் நினைவுக்கு வரவில்லை. பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்தார்கள். டெங்கி இல்லை என்று வந்தது. தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கைக்கு நேராக 11 என்று அச்சிட்டிருந்தது. அது பதினொன்று அல்ல, ஒரு மைக்ரோ லிட்டருக்குப் பதினொன்றாயிரம் என்பதும், குறைந்தது 1,50,000 இருக்க வேண்டும் என்பதும் அவசரச் சிகிச்சைப் பிரிவில்தான் எனக்குத் தெரிந்தது.

ஐடிபி என்றார்கள், அதாவது உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே தட்டணுக்களை அழிக்கும் நோய். ஸ்டீராய்டு கொடுத்ததும் எண்ணிக்கை 86,000 வரை ஏறியது. அளவைக் குறைக்கத் தொடங்கியதும் 32,000-க்கு இறங்கிவிட்டது.

இதற்கிடையில், நல்லெண்ணத்தோடுதான், என் நாத்தனார் சில நூறு வெள்ளி செலவழித்து ஒரு தனியார் நிறுவனத்தில் மகளின் உமிழ்நீரைக் கொடுத்து டிஎன்ஏ பரிசோதனை செய்துவிட்டார். வந்த அறிக்கையின் 14-ஆம் பக்கத்தில், எஃப்சிஜிஆர்2ஏ என்ற மரபணுவில், ஆர்எஸ்1801274 என்ற இடத்தில், இவளுக்கு 'ஹெச்ஹெச்' வகை இருப்பதாகவும், 'தன்னெதிர்ப்பு நோய்க்கான வாய்ப்பு: அதிகம்' என்றும் சிவப்பு எழுத்தில் இருக்கிறது. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இந்த நோய் என்னிடமிருந்தோ என் கணவரிடமிருந்தோ போனதா? அடுத்து கொடுக்கவிருக்கும் மருந்து இந்த மரபணுவால் வேலை செய்யாமல் போகுமா? 17 வயது மகனுக்கும் இப்போதே பரிசோதிக்க வேண்டுமா?

#2 ஊதாக்குழாய் | ஞாயிறு, இரவு 10.47

சகோதரி, நான் ரத்தவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள். மரபணுவுக்குப் போகும் முன் ஒரு கேள்வி: அந்த 11,000 இயந்திரம் மட்டும் எண்ணிச் சொன்னதா, அல்லது கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து நுண்ணோக்கியில் யாராவது பார்த்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், ரத்த எண்ணிக்கைக்கு நாங்கள் எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாதிருக்க ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கும். ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு அந்தப் பொருள் பட்டதும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகத் திரண்டுவிடும். இயந்திரத்துக்கு அந்தக் கொத்து தட்டணுவாகத் தெரியாது. எண்ணிக்கை குறைவு என்று அச்சடித்துவிடும். அப்படிச் சந்தேகம் வந்தால் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்து, குழாயிலுள்ள திரவம் ரத்தத்தை நீர்க்கச் செய்திருப்பதால், வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்குவோம். உங்கள் மகளுக்கு ஈறில் ரத்தமும் தோலில் புள்ளிகளும் இருந்ததால் அது உண்மையான குறைவாகவே இருக்கும். ஆனாலும் தகட்டைப் பார்க்காமல் ஐடிபி என்று முடிவு கட்டக் கூடாது.

#3 ஈசூன்மல்லிகை | ஞாயிறு, இரவு 11.05

பார்த்தார்கள் அம்மா. 'கொத்துகள் இல்லை, சில தட்டணுக்கள் பெரிதாக உள்ளன' என்று எழுதியிருக்கிறது.

#4 ஏற்பிக்காரன் | திங்கள், காலை 7.30

நான் நோயெதிர்ப்பியல் ஆய்வில் இருக்கிறேன், மருத்துவன் அல்லன். அக்கா, உங்கள் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் சொல்லிவிட்டு விளக்கத்துக்கு வருகிறேன். ஹெச்ஹெச் இருப்பதால் இந்த நோய் வந்தது என்று சொல்ல முடியாது. அதை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்க எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை. மகனுக்குப் பரிசோதனை வேண்டாம்.

இனி அந்த எழுத்துகளின் பொருள். எதிர்ப்பொருள் என்பதை ஒரு கவட்டைக் குச்சியாக நினைத்துக்கொள்ளுங்கள்: மேலே இரண்டு கிளைகள், கீழே ஒரு காம்பு. ஐடிபி நோயில் அந்தக் கிளைகள் தட்டணுவின் மேற்பரப்பிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. பெரும்பாலும் 2பி-3ஏ அல்லது 1பி-9 எனப்படும் கிளைக்கோ புரதங்களை. காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காம்புக்குத்தான் எஃப்சி என்று பெயர். ரத்தம் மண்ணீரலின் வழியே போகும்போது, அங்கே காத்திருக்கும் விழுங்கு செல்கள் தங்கள் மேற்பரப்பிலுள்ள எஃப்சி ஏற்பிகள் என்ற கைகளால் காம்பைப் பிடித்து, தட்டணுவையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றன. 7 முதல் 10 நாள் வரை சுற்றிவர வேண்டிய தட்டணு சில மணி நேரத்திலேயே மறைந்துபோகக்கூடும்.

கவட்டை ரத்தத்தில் இருக்கிறது என்பதை 1951-இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், ஐடிபி நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய தட்டணுக்கள் அடியோடு சரிந்தன, வலிப்பும் வந்தது, பல நாள் கழித்தே எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பியது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு ஒப்புதல் தராது. பிடிக்கும் கைக்கும் இதில் பங்கு உண்டு என்பதற்குச் சான்று 1986-இல் கிடைத்தது. எந்தச் சிகிச்சைக்கும் மசியாத ஒரு நோயாளிக்கு, மூன்றாம் வகை எஃப்சி ஏற்பியை அடைக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது தட்டணுக்கள் ஏறின. அதே ஏற்பியின் உடன்பிறப்பு நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவிலும் இருப்பதால், அந்த அணுக்களின் எண்ணிக்கை இறங்கியது வேறு தொல்லை.

இந்தக் கைகளை உண்டாக்கும் மரபணுக்களில் ஐந்து, முதலாம் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. 2ஏ, 2சி, 3ஏ ஆகியவை 'விழுங்கு' என்று செல்லைத் தூண்டுபவை. 3பி நியூட்ரோஃபிலுக்கு உரியது. 2பி மட்டும் 'பொறு' என்று தடுப்பது. உங்கள் மகளின் அறிக்கையில் உள்ளது 2ஏ. அதன் புரதத்தில் 131-ஆம் இடத்தில் சிலருக்கு ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கும், சிலருக்கு ஆர்ஜினின். முன்னதுதான் ஹெச், பின்னது ஆர். ஹெச் கை, ஐஜிஜி2 என்ற எதிர்ப்பொருள் வகையை ஆர் கையைவிட இறுக்கமாகப் பிடிக்கும். 3ஏ மரபணுவிலும் இதுபோல் 158-ஆம் இடத்தில் வேலின், ஃபீனைல்அலனின் என்ற இரு வகைகள் உண்டு. வேலின் உள்ள கைக்கு ஐஜிஜி1, ஐஜிஜி3 இரண்டின் மீதும் பிடி அதிகம். ஐடிபி நோயாளிகளிடம் இந்த வேலின் வகை கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஹெச் விஷயத்தில் முடிவுகள் அந்த அளவுக்கு ஒத்துப்போவதில்லை. குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வில் தொடர்பு தெரிந்தது, வேறு சிலவற்றில் தெரியவில்லை.

என்னைக் கேட்டால் இந்தக் குடும்பத்திலேயே சுவையானது 2சி. பெரும்பாலோரிடம் அந்த மரபணுவின் நடுவில், 57-ஆம் இடத்தில், முற்றுப்புள்ளி விழுந்துவிடுகிறது, புரதமே உருவாவதில்லை. சிலரிடம் மட்டும் அந்த இடத்தில் குளூட்டமின் இருந்து, ஏற்பி முழுதாக உருவாகிறது. அப்படி முழு ஏற்பி உள்ளவர்கள் ஐடிபி நோயாளிகளிடையே கூடுதலாக இருப்பதை 2008-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உங்கள் அறிக்கையில் 2சி பற்றி ஒரு வரிகூட இருக்காது என்று பந்தயம் கட்டுவேன். காரணம் எளிது. 2சி மரபணு, 2ஏ-வும் 2பி-யும் தவறாக இணைந்ததில் பிறந்தது. முன்பாதி 2பி-யை அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். 3ஏ-வும் 3பி-யும்கூட இரட்டையர் மாதிரி. துண்டு துண்டாகப் படித்துச் சேர்க்கும் கருவிகளுக்கு எந்தத் துண்டு எந்த மரபணுவுடையது என்று பிரித்தறிவது கடினம். ஆகவே, மலிவான சோதனை எளிதில் படிக்க முடிந்த ஓர் எழுத்தைப் படித்து, அதன் தலையில் முழுப் பழியையும் போட்டுவிடுகிறது.

இன்னொன்று. ஹெச் என்பது 'கெட்ட எழுத்து' அன்று. கிழக்காசிய மக்களிடையே அது ஐரோப்பியர்களைவிட அதிகம். உங்கள் புளோக்கில் ஒவ்வொரு தளத்திலும் ஹெச்ஹெச் உள்ளவர்கள் இருப்பார்கள், அவர்களில் ஒருவருக்கும் காரணமின்றி மூக்கில் ரத்தம் வந்திருக்காது. உறை மூடிய பாக்டீரியாக்களை ஐஜிஜி2 வழியாகப் பிடிப்பதற்கு ஹெச்தான் வசதியானது. அதே ஹெச், குழந்தைகளுக்கு வரும் கவசாகி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2011-இல் கண்டறிந்த பன்னாட்டு ஆய்வை முன்னின்று நடத்தியவர்கள் நம் சிங்கப்பூர் ஜெனோம் கழகத்தினர். டெங்கிக் கிருமிகூட, அரைகுறையாக ஒட்டிய எதிர்ப்பொருளோடு சேர்ந்து இதே எஃப்சி ஏற்பிகள் வழியாகத்தான் செல்லுக்குள் நுழைகிறது; இரண்டாவது முறை வரும் டெங்கி சிலரைக் கடுமையாகத் தாக்குவதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் அது முக்கியமானது.

கடைசியாக, 'அதிகம்' என்ற சொல். பெரியவர்களில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் சுமார் 2 முதல் 4 பேருக்கு ஐடிபி வருகிறது. பேச்சுக்கு, ஒரு மரபணு வகை அதை இரட்டிப்பாக்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 8 பேருக்கு மேல் போகாது. மீதி 99,992 பேருக்கும் அதே சிவப்பு எழுத்தில்தான் அறிக்கை வரும்.

#5 தேக்காவாசி | திங்கள், காலை 9.15

தம்பி எழுதியது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. ஆனால் அனுபவத்தில் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, பப்பாளி இலைச் சாறு. டெங்கி வந்த என் மருமகனுக்கு மூன்று வேளை கொடுத்தோம், தட்டணு மளமளவென்று ஏறியது. இரண்டு, நம்மவர்களில் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கட்டிக்கொடுக்கிற வழக்கம் இருக்கிறதே, இந்த மாதிரி ரத்த வியாதிக்கெல்லாம் அதுதான் மூலகாரணம். அம்மா, உங்கள் வீட்டில் எப்படி?

#6 எட்டாண்டுக்காரர் | திங்கள், நண்பகல் 12.40

அம்மா, எட்டு ஆண்டுகளாக ஐடிபியோடு வாழ்கிறேன். என் எண்ணிக்கை 28,000-க்கும் 60,000-க்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தபோதுதான் பட்டறை வேலை, திருமணம், இரண்டு பிள்ளைகள் எல்லாம் நடந்தன. எண்ணை மட்டும் பார்த்து அஞ்சாதீர்கள். ரத்தம் கசிகிறதா என்று பாருங்கள். வாய்க்குள் கருஞ்சிவப்புக் கொப்புளம், நிற்காத மூக்கு ரத்தம், வழக்கத்தைவிட அதிகமான மாதவிடாய், கடுமையான தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் எண்ணிக்கைக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். தலைவலிக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது.

எனக்கு இப்போது எல்ட்ரோம்போபேக் மாத்திரை. அழிவதைத் தடுப்பதற்குப் பதிலாக எலும்பு மஜ்ஜையை விரட்டிக் கூடுதலாக உற்பத்தி செய்யவைக்கும் மருந்து. இதில்தான் வம்சாவளியின் வேலையை நான் கண்ணால் கண்டேன். என்னோடு ஒரே நாளில் தொடங்கிய சீன நண்பருக்கு 25 மில்லிகிராம், எனக்கு 50. கேட்டதற்கு, கிழக்காசிய, தென்கிழக்காசிய வம்சாவளியினர் உடலில் இந்த மருந்தின் அளவு அதிகமாக ஏறுவதால், பாதியில் தொடங்க வேண்டும் என்று மருந்துக் குறிப்பிலேயே இருப்பதாகச் சொன்னார்கள். இன்னொரு சங்கடம், பால். கால்சியம் உள்ள உணவுக்கு நான்கு மணி நேரம் கழித்தோ இரண்டு மணி நேரம் முன்போதான் மாத்திரையைப் போட வேண்டும். மாலை ஆறு மணி தே தாரிக்கை (பால் தேநீரை) விட மனமில்லாததால், இரவு பத்தரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.

#7 மாத்திரைமேசை | திங்கள், இரவு 8.20

மருந்தாளுநர் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

தேக்காவாசி ஐயா, டெங்கியில் தட்டணு தானாகவே இறங்கித் தானாகவே ஏறும். இலைச் சாறு கொடுத்த நாளும் ஏறத் தொடங்கும் நாளும் பெரும்பாலும் ஒன்றாக அமைந்துவிடும். அதே மருத்துவமனையில், சாறு குடிக்காதவருக்கும் ஏறியிருக்கும். ரத்தக் கசிவைத் தடுக்க முன்கூட்டியே தட்டணுவையே ஏற்றினாலும் டெங்கியில் பலன் இல்லை என்பதை, சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் நடத்தி 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஐடிபியிலோ, ஏற்றிய தட்டணுவையும் மண்ணீரல் விழுங்கும். எனவே உயிருக்கு ஆபத்தான ரத்தக் கசிவின்போதுதான் அதை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, அளவு தெரியாத எந்தச் சாற்றையும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

அடுத்தது மரபணுப் பரிசோதனை. அதை முழுவதும் வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் மேசையில் ஒரு பரிசோதனைக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதை ஒரே கேள்வியில் தீர்மானிப்பேன்: முடிவு வேறுவிதமாக வந்திருந்தால் நான் கொடுக்கும் மருந்து மாறியிருக்குமா? ஹெச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமாசெபின் என்ற வலிப்பு மருந்து கொடுத்தால் தோலே உரிந்துபோகும் எதிர்விளைவு வரலாம். அதனால் ஆசிய வம்சாவளியினருக்கு அந்த மருந்தைத் தொடங்கும் முன் இந்தப் பரிசோதனையைச் செய்வது 2013 முதல் இங்கே வழக்கமாகிவிட்டது. இருக்கிறதா, மருந்தை மாற்று, இல்லையா, கொடு. அதைவிடப் பழையது ஜி6பிடி. 1965 முதல் இங்கு பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் அந்த நொதிக் குறைபாட்டைப் பரிசோதித்து வருகிறார்கள். அதற்கும் ஐடிபிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஐடிபிக்குச் சில இடங்களில் டாப்சோன் என்ற மருந்தையும் கொடுக்கிறார்கள். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஆகவே, அக்கா, உங்கள் மகளின் பிறப்புக்கால ஏடுகளில் கிடக்கும் அந்த ஒரு வரி, 14-ஆம் பக்கச் சிவப்பு எழுத்தைவிட மருத்துவருக்குப் பயன்படும்.

எஃப்சி ஏற்பியின் எழுத்துகளோ இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ரிட்டுக்ஸிமாப் மருந்துக்கு 3ஏ-வின் வேலின் வகை நன்றாக ஒத்துழைப்பதை 2002-இல் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில் கண்டார்கள்; ஐடிபியில் அதை நம்பி யாரும் சீட்டு எழுதுவதில்லை. ஃபோஸ்டமாடினிப் என்று 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மாத்திரை, ஏற்பி பிடித்தவுடன் செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் எஸ்ஒய்கே என்ற நொதியைத் தடுக்கிறது. கை இறுக்கமாகப் பிடித்ததா தளர்வாகப் பிடித்ததா என்று அதற்குக் கவலை இல்லை.

#8 ஊதாக்குழாய் | திங்கள், இரவு 9.55

சொந்தத்தில் திருமணம் பற்றி ஐயா சொன்னதை அப்படியே தள்ளிவிட எனக்கு மனமில்லை; இடம்தான் தவறு. ஹெச், வேலின் போன்றவை ஊரெல்லாம் நிறைந்திருக்கும் சாதாரண வகைகள். அவற்றுக்காகச் சொந்தத்தில் கட்டியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பெர்னார்ட்-சூலியே என்ற அரிய பரம்பரை நோய் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வரும் என்பதால், உறவுத் திருமணம் உள்ள குடும்பங்களில் கூடுதலாகத் தென்படும். அதில் தட்டணுக்கள் குறைவாகவும், சிவப்பணு அளவுக்குப் பெரிதாகவும் இருக்கும். எம்ஒய்ஹெச்9 மரபணுக் கோளாறு இன்னொன்று. ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். இரண்டையுமே ஐடிபி என்று தவறாக நினைத்து, ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்து, மண்ணீரலையும் எடுத்துவிட்ட கதைகள் மருத்துவ இதழ்களில் உண்டு. தட்டணு குறைந்த ஒரு வீட்டில் மரபணுப் பரிசோதனை உண்மையிலேயே கை கொடுப்பது இங்கேதான்.

மகளுக்கு 'சில தட்டணுக்கள் பெரிதாக' என்பது ஐடிபியிலும் இயல்பே; மஜ்ஜை அவசரமாக அனுப்பும் இளந்தட்டணுக்கள் பெரியவையாக இருக்கும். ஸ்டீராய்டுக்கு 11,000-இலிருந்து 86,000 வரை ஏறியதும் ஐடிபியையே காட்டுகிறது. பரம்பரைக் குறைபாடு அப்படி எழும்பாது. எனினும் கேட்கிறேன்: வீட்டில் வேறு யாருக்காவது தட்டணு குறைவு என்று எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா?

தன்னெதிர்ப்பு ரத்தக்கசிவு எல்லாமே இந்த விழுங்கும் கதை அன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு எங்கள் மேசைக்கு ஒரு முதியவரின் ரத்தம் வந்தது. கையெல்லாம் நாவற்பழ நிறத்தில் கன்றியிருந்ததாகக் குறிப்பு, தட்டணுவோ 2,40,000. ஏபிடிடி என்ற உறைதல் நேரம் மட்டும் நீண்டிருந்தது. நல்ல பிளாஸ்மாவைச் சரிபாதி கலந்து, இரண்டு மணி நேரம் சூட்டில் வைத்துப் பார்த்தும் சரியாகவில்லை. எட்டாம் உறைதல் காரணிக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாகும் 'பெற்ற ஹீமோஃபிலியா' அது. அங்கே எதிர்ப்பொருள் பெரும்பாலும் ஐஜிஜி4. காரணியை நேரடியாகச் செயலிழக்கச் செய்துவிடும். காம்பைப் பிடிக்கும் கைக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

#9 ஈசூன்மல்லிகை | செவ்வாய், காலை 6.50

கேட்டீர்களே அம்மா, எனக்குக் கை நடுங்குகிறது. என் அண்ணனுக்கு வயது 52. தேசிய சேவைக் காலத்திலிருந்தே எந்த ரத்தப் பரிசோதனை செய்தாலும் தட்டணு 90,000, 85,000 என்றுதான் வரும். ஒருமுறை பல் பிடுங்குவதைக்கூட அதைக் காரணம் காட்டித் தள்ளிவைத்தார்கள். அவருக்கு ரத்தம் கசிந்ததே இல்லை என்பதால் நாங்கள் அதை நோயாகவே நினைக்கவில்லை. மகளின் மருத்துவர் 'குடும்பத்தில் ரத்த நோய் உண்டா' என்று கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டேன். எங்கள் பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்கள்தாம். அப்படியானால் இது பரம்பரை நோயா?

#10 ஊதாக்குழாய் | செவ்வாய், காலை 7.02

பதற வேண்டாம். மகளின் மருத்துவரிடம் இன்றே இதைச் சொல்லுங்கள். அண்ணனை ஊதா, நீலம் இரண்டு குழாயிலும் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள். தகட்டிலும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். முப்பது ஆண்டு ஒரே மாதிரி குறைவாக இருந்து, பல் துலக்கினால்கூட ரத்தம் வராதவர் என்றால் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. குழாய் வரட்டும், பிறகு பேசுவோம்.

#11 புக்கிட்பாத்தோக்_காப்புறுதி | செவ்வாய், பிற்பகல் 1.30

யாரும் தொடாத ஒரு பகுதி. சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்த ஏற்பாட்டின்படி, 2021 அக்டோபர் 27 முதல் காப்புறுதி நிறுவனங்கள் யாரையும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. வருங்கால நோயைக் கணிக்கும் பரிசோதனை முடிவுகளைப் பயன்படுத்துவதற்கும் கடும் வரம்பு உண்டு. அந்த 14-ஆம் பக்கத்தை நினைத்து அக்கா பயப்பட வேண்டாம். ஆனால் மகளுக்கு ஐடிபி என்று மருத்துவர் கண்டறிந்தது மரபணுக் கணிப்பு அன்று, நோய் விவரம். புதிய காப்புறுதிக்கு விண்ணப்பிக்கும்போது அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

#12 ஏற்பிக்காரன் | செவ்வாய், இரவு 11.20

மாத்திரைமேசை அவர்களின் 'மருந்து மாறுமா' என்ற அளவுகோலை மருந்துக் கடையில் ஏற்கிறேன். ஆய்வுக்கூடத்தில் ஏற்க மாட்டேன். 2பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 232-ஆம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் திரியோனின் இருந்தால் 'பொறு' என்று தடுக்கும் கை தளர்ந்துவிடும். இப்படித் தளர்ந்தவர்களுக்கு லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது, கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது என்று 2010-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஐரோப்பியர்களைவிட ஆசிய, ஆப்பிரிக்க மக்களிடம் இந்த வகை அதிகமாக இருப்பதற்குக் கொசுதான் காரணமாக இருக்கலாம். இது யாருடைய மருந்துச் சீட்டையும் மாற்றாது. ஆனால் நம் உடல் ஏன் சில சமயம் அளவுக்கு மீறிச் சண்டைக்கு நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, வேறு நல்ல தொடக்கப் புள்ளி எனக்குத் தெரியவில்லை.

சிங்கப்பூரர்கள் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து 2019-இல் வெளியிட்டபோது, அதில் 1,127 பேர் இந்தியர்கள். இப்படி நம்மவர்கள் கலந்துகொண்டால்தான், ஐரோப்பியர்களிடம் எடுத்த எண்களை நம் தலையில் ஒட்டி 'அதிகம்' என்று சிவப்பில் அச்சடிக்கும் வேலை குறையும். தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்த உமிழ்நீரைப் பற்றி நான் இதைச் சொல்லவில்லை.

#13 மாத்திரைமேசை | புதன், காலை 8.05

ஏற்பிக்காரன் தம்பி, ஆய்வுக்கூடத்தில் உங்கள் அளவுகோலை நானும் மறுக்கவில்லை. ஒரு தாய்க்குத் தூக்கம் கெட்டது ஆய்வுக்கூடத்தில் அன்று என்பது மட்டுமே என் வாதம்.

#14 நெறியாளர் | புதன், காலை 9.00

பப்பாளி இலை தொடர்பான மூன்று பதிவுகளைத் தனி இழைக்கு நகர்த்தியுள்ளோம். எந்த மருந்தின் அளவையும் இங்கே படித்ததை வைத்து மாற்ற வேண்டாம்.

#15 ஈசூன்மல்லிகை | அடுத்த செவ்வாய், இரவு 9.40

ஒரு வாரம் எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

மகளின் மருத்துவரிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். கடிந்துகொள்ளவில்லை, 'இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்' என்று மட்டும் சொல்லி, மகளின் பழைய தகட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். பரம்பரைக் கோளாறுக்கான அடையாளம் எதுவும் இல்லையாம். 14-ஆம் பக்கத்தையும் நீட்டினேன். முழுதாகப் படித்துவிட்டு, 'இதில் தவறில்லை, ஆனால் எனக்கு இதில் வேலையும் இல்லை' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜி6பிடி இயல்பு என்பதைப் பிறப்பு ஏட்டில் தேடி எடுத்துக் காட்டியபோது அதை மட்டும் கணினியில் பதிந்துகொண்டார். மகளுக்கு இன்றைய எண்ணிக்கை 41,000. புதிய புள்ளிகள் இல்லை. ஸ்டீராய்டை மெல்லக் குறைத்துக்கொண்டே இரண்டு வாரம் பார்ப்போம், இறங்கினால் மாத்திரை தொடங்கலாம் என்கிறார். தே தாரிக்கை இரவுக்கு எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று அவள் இப்போதே கணக்குப் போடத் தொடங்கிவிட்டாள்.

அண்ணனுக்குச் சனிக்கிழமை ரத்தம் எடுத்தார்கள். ஊதாக்குழாய் அம்மா சொன்னபடியே இரண்டு குழாயும் கேட்டு வாங்கினார். ஊதாவில் 88,000, தகட்டில் கொத்துக் கொத்தாகத் தட்டணு. நீலத்தில் 1,93,000, 1.1-ஆல் பெருக்கினால் 2,12,300. முப்பது ஆண்டுகளாக அவருக்குக் குறைவே இருந்ததில்லை.

'ஈடிடிஏ குழாயில் தட்டணு திரளும். சிட்ரேட் குழாயில் எண்ணவும்' என்று மருத்துவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணன் அதைப் பிளாஸ்டிக் உறை போட்டு அடையாள அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். தள்ளிப்போட்ட அந்தப் பல் மட்டும் இன்னும் வாயில் ஆடிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை பல் மருத்துவரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது.

#16 ஊதாக்குழாய் | அடுத்த செவ்வாய், இரவு 9.58

நீலக் குழாயில் கோடு வரை ரத்தம் நிரம்ப வேண்டும், குறைந்தால் கணக்கு தப்பும். அண்ணனிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.